பசியாறிட்டீங்களா? தோட்டத்துச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிறந்தது, வளர்ந்தது, இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருப்பது எல்லாம் மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றித்தான். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருடக்கணக்காகிறது. பலகை மாறியது, எங்கள் வாய் மாறவில்லை. இன்றும் "பத்தாங்" தான். அம்மாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு, அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்கும் வேலை. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், கல்லூரியில் கட்டுரை எழுதும் பிள்ளைகள், என் பேரன் என எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா" என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

காலைச் சாப்பாடு முடிந்ததா என்று அர்த்தம். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் ஒரு நொடி திகைப்பார்கள். அவர்களுக்குப் பசியாறுவது எந்த வேளைக்கும் பொருந்தும். எங்களுக்கு அது காலைக்கு மட்டும். மத்தியானம் சாப்பிடுவோம், ராத்திரி சாப்பிடுவோம், காலையில் பசியாறுவோம்.

ஆறுதல் என்றால் தணிதல். சூடான காப்பி ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, அதேபோல் பசியும் ஆறுகிறது. இந்தச் சொல் காலையோடு ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. இருட்டில் எழுந்து ஒரு டம்ளர் வரக்கோப்பியோடு வேலைக்குப் போனவர்களுக்கு, மரங்களில் பால்வெட்டி முடித்து, பால் இறங்கும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து தூக்கைத் திறப்பதுதான் முதல் சாப்பாடு. அந்த நேரத்துப் பசிதான் பசி. மற்ற வேளைகளில் வருவதெல்லாம் பழக்கம். மொழிநூல் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, என் அம்மா ஒப்புக்கொண்டிருப்பார்.

பதில் சொல்லும் முறையும் ஒன்று உண்டு. பசியாறாவிட்டாலும் "ஆச்சு, நீங்க?" என்பதுதான் மரியாதை. "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் உங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டார். மலாய்க்காரர்களும் "சூடா மாக்கான்?", சாப்பிட்டாயிற்றா, என்றுதான் நலம் விசாரிப்பார்கள். சீனர்களிடமும் இதே வழக்கம் உண்டு. இந்த நாட்டில் யாரும் யாரையும் முதலில் சுகமா என்று கேட்பதில்லை.

"காடியில் கம்பத்துக்குப் போனோம்" என்று என் மாமா சொன்னார். அவருக்கு என்ன ஆயிற்று?

மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி உண்மையாகவே கேட்ட கேள்வி இது. அவருக்குத் தெரிந்த காடி புளித்த நீர், தெரிந்த கம்பம் தேனி மாவட்டத்து ஊர். ஒன்றும் ஆகவில்லை தம்பி, உங்கள் மாமா காரில் கிராமத்துக்குப் போயிருக்கிறார்.

காடி இந்திக்காரர்கள் வண்டிக்குச் சொல்லும் சொல். கம்பம் என்பது மலாய்க் "கம்போங்". கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்று அது எங்கள் வாயில் நன்றாகவே தமிழாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலேயர்கள் வீட்டைச் சுற்றி அடைத்த இடத்தைக் "காம்பவுண்டு" என்கிறார்களே, அதுவும் இந்தக் கம்போங்கிலிருந்து போயிருக்க வேண்டும் என்பதே அகராதிக்காரர்களின் கணிப்பு. அப்படியானால், மதுரையில் அந்தத் தம்பி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் எங்கள் கம்பம்தான்.

கங்காணி என்றால் கெட்டவன் என்று அர்த்தமா?

சொல்லில் கெட்டது ஒன்றுமில்லை. கண் காணி, கண்ணால் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான். கண்காணிப்பு கேமரா என்று இன்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருக்கிறார்களே, அதே வேர்.

ஆனால் ஆள் வேறு கதை. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவரைத் துரை தமிழ்நாட்டில் அவருடைய ஊருக்கு அனுப்புவார். அவர் தன் சொந்தபந்தம், தன் ஊர்க்காரர்கள் என்று ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். வந்தவர்கள் அவருக்குக் கீழேதான் வேலை செய்வார்கள். ஓர் ஆள் வேலைக்கு வந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் "தலைக்காசு" கிடைக்கும். ஆகவே உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு நட்டம். கதவைத் தட்டாமல் என்ன செய்வார்? மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகு கங்காணி வழியாக வந்தவர்களே அதிகம். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததும் அதுவும் நின்றது. பதவி போன பிறகும் சொல் போகவில்லை. இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் வேலை செய்யாமல் எல்லோரையும் ஏவிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, "என்ன, கங்காணி வேலையா?" என்பார்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் போலீஸ்காரரை "மாத்தா" என்பார்கள். சின்ன வயதில் அது என்ன மொழி என்று கூட நான் யோசித்ததில்லை. மலாயில் மாத்தா என்றால் கண். மாத்தா மாத்தா, கண் கண், என்றால் போலீஸ். தோட்டத்துக்குள்ளே தமிழில் ஒரு கண், தோட்டத்துக்கு வெளியே மலாயில் இரண்டு கண். எங்கள் தாத்தா காலத்து ஆள் எங்கே திரும்பினாலும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே அதிகாரத்துக்குக் கண் என்று பெயர் வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பெரட்டு, லயம், டிரசர், கிராணி. இவையெல்லாம் தமிழா?

இப்போது தமிழ். பிறந்த இடம் வேறு.

பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிடும் அணிவகுப்பு. ஆங்கிலப் "பரேடு" தான் அப்படி ஆனது. பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. "ஆளைப் பெரட்டி எடுக்கிறான், அதனால் பெரட்டு" என்று என் அப்பா விளக்கம் சொல்வார். அது தவறு, ஆனால் பொய் இல்லை.

லயம் ஆங்கில "லைன்". வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். லயன் என்பாரும் உண்டு, லயம் என்பாரும் உண்டு. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் லயம் என்றால் தாளக்கட்டு என்று படித்துவிட்டு வந்து, "தாத்தா, நீங்க லயத்துல பொறந்தீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுக் குறட்டை, அடுத்த வீட்டு அம்மிச் சத்தம், கடைசி வீட்டுச் சண்டை எல்லாம் ஒரே சுவர் வழியாகக் கேட்கும் இடம் அது. தாளத்துக்குக் குறைவில்லை.

டிரசர் என்பவர் தோட்டத்து மருந்துக்காரர். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். எல்லா நோய்க்கும் அவரே டாக்டர். கிராணி என்பவர் ஆபீஸ் எழுத்தர். மலாயிலும் "கெராணி" தான். கிராணி, கெராணி இரண்டுமே வட இந்தியப் பக்கத்திலிருந்து ஆங்கிலேயர் ஆபீஸ்கள் வழியாக வந்தவை. கிராணியாரின் பேனாவுக்கு எங்கள் ஆட்கள் துரையை விட அதிகமாகப் பயந்தார்கள், அது வேறு விஷயம்.

குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் இருக்கும் ஆயா, போர்த்துகீசியச் சொல்.

பால்வெட்டுச் சொற்களைக் கொஞ்சம் விளக்க முடியுமா? கதைகளில் படித்தால் புரிவதில்லை.

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பருக்கு மலாயில் "கெத்தா". எங்கள் பெரியவர்கள் அதைக் கித்தா ஆக்கினார்கள். கித்தா மரம், கித்தாக் காடு. ஆனால் வேலையைப் பற்றிப் பேசும்போது கித்தாவும் வராது, ரப்பரும் வராது. மரத்திலிருந்து வருவது பால், மரம் பால்மரம், வேலை பால்வெட்டு. கள்ளிப்பால், எருக்கம்பால் என்று சொல்லிப் பழகிய வாய்க்குப் புதிய மரம் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. பிரேசிலில் இருந்து 1876இல் விதை எடுத்து, லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவிட்டு, மறுவருடம் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த மரம் அது. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததற்கு, முதல் பார்வையிலேயே ஊர்ப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மாவோடு நான் போன நாட்கள் நினைவிருக்கின்றன. நெற்றியில் விளக்கு. முந்தின நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து நூல் போல ஒட்டியிருக்கும் பாலை முதலில் விரலால் இழுத்து உரிப்பார். அது ஒட்டுப்பால், இடுப்புப் பையில் போகும். மங்கைக் கவிழ்த்து, அடியில் உறைந்து கிடப்பதைப் பிடுங்குவார். அது கட்டிப்பால். பிறகு மங்கைத் துடைத்துக் கம்பி வளையத்தில் திரும்ப வைத்துவிட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்து, இடமிருந்து வலமாகக் கீழிறக்கி ஒரே இழுப்பு. சுருள் சுருளாக மரப்பட்டை மெலிதாக விழும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், துரைக்குக் கோபம். மேலாகப் போனால் பால் வராது. அரை நிமிடம் ஆகாது, அடுத்த மரம். இதெல்லாம் விடிவதற்கு முன்னால் நடக்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து, சீக்கிரம் உறைந்துவிடும்.

மங்கு என்பது பால் விழும் கிண்ணம். மலாயில் கிண்ணத்துக்கு "மங்கோக்". தமிழிலும் பீங்கான் பாத்திரத்துக்கு மங்கு என்ற சொல் உண்டு. காண்டா என்பது இரண்டு பக்கமும் வாளி தொங்கும் தோள்கழி. பால் நிறைந்த வாளிகளோடு அதைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளத்தில் நடப்பவர்களைப் பார்த்திருந்தால், பினாங்கில் வரிசையில் நின்று சாப்பிடும் "நாசி கண்டார்" உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும். கண்டார் என்றால் தோள்கழியில் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றுப் பானையையும் குழம்பையும் அப்படித்தான் சுமந்து விற்றார்கள். கழி போய்விட்டது, பெயரில் மட்டும் தொங்குகிறது.

கடைசியாக நிரை. ஓர் ஆளுக்கு வெட்டக் கொடுத்த மர வரிசை. பேச்சில் "நெரை". "உன் நெரை எங்க?" என்றால் இன்று உன் இடம் எது என்று பொருள். சங்க காலத்து நிரை, ஆநிரை கவர்ந்தார்கள் என்று படித்தோமே, அதே நிரை. செய்யுள் இலக்கணத்தில் நேரசை, நிரையசை என்று நடத்தும்போது நகரத்துப் பிள்ளைகள் முழிப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் "நிரைன்னா வரிசைடா" என்று சொல்லவே தேவைப்படாது. என் ஆசிரியர் வாழ்க்கையில் இலக்கணம் எனக்கு முன்னால் போய்க் காத்துக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.

கூலி என்று சொல்வது இழிவு இல்லையா?

இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள்.

கூலி தமிழில் நல்ல சொல். உழைப்புக்குக் கிடைப்பது. "மெய்வருத்தக் கூலி தரும்" என்று குறளில் வருவது நமக்கெல்லாம் மனப்பாடம். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி, உடம்பு பட்ட பாட்டுக்கு உரிய பலனைத் தரும் என்கிறார் வள்ளுவர். அங்கே கூலி என்பது ஆள் இல்லை, பலன்.

அதே சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது ஆளுக்குப் பெயராகிவிட்டது. குஜராத் பக்கத்துக் கோலி இனத்தாரின் பெயரும் அதில் கலந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. எது எப்படியோ, சம்பளத்தின் பெயரைச் சம்பளம் வாங்குபவன் தலையில் ஒட்டிவிட்டார்கள். மலாயிலும் "கூலி" என்றால் சுமை தூக்குபவர். நான் வீட்டில் "கூலி கொடுத்தாச்சா?" என்று கேட்பேன். ஒருவரைக் கூலி என்று சொல்லமாட்டேன். அதுதான் நான் வைத்துக்கொண்ட எல்லை.

ரிங்கிட்டை ஏன் வெள்ளி என்கிறீர்கள்? வெள்ளிக்கிழமையோடு குழப்பம் வராதா?

"வெள்ளிக்கிழமை பத்து வெள்ளி தர்றேன்" என்று கடன் வாங்கியவர் சொன்னால் குழப்பமே வராது. எந்த வெள்ளிக்கிழமை என்பதில்தான் குழப்பம்.

ரிங்கிட் என்றால் மலாயில் ரம்பப் பல் போல வெட்டுள்ள விளிம்பு. ஒரு காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரம் அப்படி இருக்கும். மலாய்க்காரர்கள் ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். ஒரே நாணயம்தான். 1975இல் அரசாங்கம் டாலரை விட்டு ரிங்கிட்டை அதிகாரப் பெயராக்கியது. நம் வெள்ளியை யாரும் அறிவிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ரிங்கிட்டின் சில்லறையான சென்னுக்குக் காசு. "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றுதான் இன்றும் கடையில் சொல்வோம், நோட்டில் ஒரு துளி வெள்ளி இல்லை என்றாலும்.

பணத்துக்கு மலாயில் "டூயிட்", நம் ஊரில் துட்டு. இரண்டும் ஒரே டச்சுச் செப்புக் காசுதான். டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தும் அந்தச் சில்லறை இரண்டு கரையிலும் வாயில் தங்கிவிட்டது.

சம்பளம் என்பது சம்பா நெல்லும் அளமும், அதாவது உப்பும், சேர்ந்த சொல்லாமே?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வருகிறது. கேட்க இனிப்பாக இருக்கிறது. இனிப்பாக இருப்பதாலேயே நான் நம்பத் தயங்குகிறேன். அடுத்த கேள்வி.

தேக்கடையில் என்ன சொல்லிக் கேட்பது? சொன்னால் வேறு ஏதோ வருகிறது.

முதலில், தே. டீ என்றாலும் புரியும். சீன ஹொக்கியன் மொழியில் தேயிலைக்குத் "தே". நம் தேயிலையில் இருக்கும் தேயும் அதுதான். டீ என்பதும் அதே சொல், ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் நேர் வழியில் வாங்கினோம். சாயா மட்டும் சீனாவின் வேறு பக்கத்துச் "சா"விலிருந்து வந்தது.

ஒன்றும் சொல்லாமல் தே என்றால் கெட்டிப்பால் ஊற்றி வரும். ஓ என்றால் ஹொக்கியனில் கறுப்பு. ஆகவே தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. கோசோங் என்றால் மலாயில் காலி, பூச்சியம். தே ஓ கோசோங் என்றால் சீனியும் இல்லை. தாரிக் என்றால் இழுப்பது. நுரை வர இழுத்து ஆற்றியது. கட்டிக்கொண்டு போக வேண்டுமானால் மலாயில் "புங்குஸ்", சீன வழியில் "தபாவ்", தமிழில் "கட்டிக் குடுங்க". மூன்றும் எந்தக் கடையிலும் செல்லும்.

எங்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேக்கடை இருக்கிறது. போன மாதம் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வங்காளதேசத்துப் பையன் வந்து உட்கார்ந்தான். கல்லாவைப் பார்த்து, "அண்ணே, தே ஓ கோசோங் சாத்து, புங்குஸ்" என்றான். அண்ணே தமிழ். தே ஓ சீனம். மிச்சம் மலாய், சாத்து என்றால் ஒன்று. கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே தண்ணீரைக் கொதிக்கவைத்தார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் கூட இந்தியக் கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ் முஸ்லிம் கடைகளுக்கு "மாமாக்" என்று பெயர். அது நம் மாமாதான், பின்னால் ஒரு க் வைத்துக்கொண்டு.

எப்போதும் நாம்தான் மலாயில் கடன் வாங்குகிறோமா?

அப்படி நினைப்பவர்கள் ஒருமுறை ஊருக்குள் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கட்டும். "கெடாய்" நம் கடை. "கூயில்" நம் கோயில். "காப்பால்" நம் கப்பல். வீட்டுக்குள்ளே போனால் "காத்தில்" கட்டில், "பெத்தி" பெட்டி. வியாபாரத்துக்குப் போட்டால் "மோடால்", நம் முதல். இவற்றில் பல, நம்மைத் தோட்டத்துக்குக் கப்பலேற்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் வந்தவை. ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் கடாரத்துக்கு, இன்றைய கெடாவுக்கு, வந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். படை வந்து போனது, வியாபாரி தங்கினான். சொல் விட்டுப்போனது பெரும்பாலும் வியாபாரிதான், வாளில்லாமல்.

எனக்குப் பிடித்தது "சூமா". மலாயில் வெறும், மட்டும் என்று பொருள். "சூமா சூமா" என்றால் இலவசமாக, வீணாக. நம் சும்மாதான். தமிழிலேயே மொழிபெயர்க்க முடியாத சொல் ஒன்று உண்டென்றால் அது சும்மா. அதைக் கூட எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றால் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்!

இன்னொரு வகையும் உண்டு. ஜன்னலுக்கு மலாயில் "ஜெண்டேலா", துவாலைக்குத் "துவாலா", அலமாரிக்கு "அல்மாரி", ஏலத்துக்கு "லேலோங்". யார் யாரிடம் வாங்கியது என்று வகுப்பில் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். இரண்டு பேருமே போர்த்துகீசியரிடம் வாங்கியது. 1511இல் மலாக்காவில் இறங்கியவர்கள், நம் கடற்கரையிலும் இருந்தார்கள். ராத்திரிச் சந்தையில், "லேலோங்! லேலோங்!" என்று மலிவு விலைக்குக் கூவுகிறவருக்குத் தான் போர்த்துகீசியம் பேசுவது தெரியாது.

பத்துமலையில் பத்து மலை இருக்கிறதா?

இல்லை. "பத்து" மலாயில் கல். பக்கத்து ஆற்றுக்கும் அதே பெயர், சுங்கை பத்து. ஆனால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? தமிழ்நாட்டில் முருகனுக்கு ஆறு படைவீடு, மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை என்று மூன்று, ஆக இது பத்தாவது மலை என்று கணக்குக் காட்டுவார்கள். கூட்டிப் பாருங்கள், சரியாகத்தான் வருகிறது. மலாய்ப் பத்தைத் தமிழாக்கினால் பத்துமலையும் கல்லுமலைதான் என்பதை ஈப்போக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கல் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. மலாயில் மைலையும் பத்து என்பார்கள், மைல்கல்லை வைத்து. நாம் கட்டை என்றோம். நாலாங்கட்டை, ஆறாங்கட்டை என்று ஊர்ப் பெயரே உண்டு. நாடு கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாயிற்று. ஆறாங்கட்டையில் இறங்கணும் என்று சொன்னால் பஸ்காரர் இன்றும் சரியாக நிறுத்துவார்.

எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் ஏன் "லா"?

வாங்க லா, போதும் லா, தெரியும் லா. கட்டளையைக் கொஞ்சம் வழவழப்பாக்கும். இந்த நாட்டில் எல்லா மொழியிலும் இருக்கிறது. கட்டுரையில் எழுதினால் மட்டும் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: நம் ஐயோ 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. சீனர்களிடமும் அதே ஒலியில் ஓர் "ஐயோ" உண்டு. வலி வந்தால் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான்.

இப்படிப் பேசுவது கலப்படத் தமிழ் இல்லையா? பிள்ளைகளைத் திருத்த வேண்டாமா?

தேர்வுத் தாளில் திருத்துங்கள், நானும் திருத்தினேன். பேச்சில் விடுங்கள். "சாவியை மேசை மேல் வை" என்பதைச் சுத்தத் தமிழ் என்று நினைக்கிறவர் வாக்கியத்தில் இரண்டு போர்த்துகீசியச் சொல் இருக்கிறது. காடி என்று சொல்லும் எங்கள் பையனை மட்டும் ஏன் முறைக்க வேண்டும்?

நாங்களும் புதிய சொல் உருவாக்காமல் இல்லை. பத்தாங் பக்கத்தில் தென்னமாரம் என்று ஒரு தோட்டம் உண்டு. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று எண்ணெய்ப் பனையைப் பெருமளவில் நட்ட இடம். தோட்டத்துப் பெயர் தென்னைமரம், நட்டது பனை. அந்த மரத்துக்கு இங்கே செம்பனை என்று பெயர். செக்கச்செவேல் என்று பழுக்கும் குலையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சொல் இப்போது யாருக்கும் தெரியவில்லை?

பெரட்டு போய்விட்டது. காண்டா போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டார்கள், பிறகு ஒரு பகுதி வீடமைப்பாகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம்.

மங்கு மட்டும் வீட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே பழுப்பாகக் கறை ஏறிய களிமண் மங்கு, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. அம்மா தோட்டத்தை விட்டு வரும்போது துணிகளுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு வந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி அதில் கற்றாழை வைத்திருக்கிறார். பேரன் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது, "தாத்தா, இந்தக் கப்புல ஓட்டை இல்லையே, தண்ணி எப்படிப் போகும்?" என்று கேட்டான். பால் ஒழுகக் கூடாதுன்னுதான்டா ஓட்டை இல்லை என்றேன். எந்தப் பால் என்று கேட்டான்.